துருவிமுகனும் வண்டிக்காரி உமையாளும்

முன்னொரு காலத்திலே, மலைக்கு இந்தப் பக்கம் ஒரு ராஜ்யம், அந்தப் பக்கம் உப்பளம். நடுவிலே ஒரே ஒரு கணவாய். அதை இரும்புக் கதவு போட்டு அடைத்துவிட்டு, வாசலிலே உட்கார்ந்துகொண்டான் துருவிமுகன் என்ற மாயாவி. அவன் மடியிலே ஒரு செப்புக் குடம்.

வருகிறவர்களிடம் மூன்று கேள்வி கேட்பான். மூன்றும் மனசைக் குத்துகிற கேள்விகள். வெட்கத்தோடு உண்மையைச் சொன்னால், குரல் குடத்துக்குள் போய்விடும். பொய் சொன்னாலும் போய்விடும். கோபித்துக் கத்தினாலும் போய்விடும். வாயே திறக்காவிட்டால் கதவு திறக்காது. நாடே உப்பில்லாமல் தவித்தது. பாதி ஊர் ஊமையாகிவிட்டது.

உப்பு வாங்கப் போன செவ்வந்தியும் குரலைப் பறிகொடுத்துத் திரும்பினாள். ஓயாமல் வாயடிக்கிற பெண், மூலையில் சுருண்டு அழுதாள். அவள் அக்கா, வண்டிக்காரி உமையாளுக்குப் பொறுக்கவில்லை. மாட்டைப் பூட்டினாள், வண்டியைக் கணவாய்க்கு விட்டாள்.

"வா, வா! கன்னத்திலே என்ன தழும்பு? யார் அடிச்சது?" என்றான் துருவிமுகன்.

உமையாள் சிரித்தாள். "வந்ததும் வராததுமா கேட்டுட்டீங்களே! அது என்னோட இருக்கட்டும் ஐயா. கதவைத் திறங்க."

குடம் லேசாக ஆடியது.

"கழுத்து வெறுமையா இருக்கே? புருஷன் விட்டுட்டுப் போயிட்டானா?"

"அதுவும் என்னோட இருக்கட்டும் ஐயா. கதவைத் திறங்க."

குடத்தில் கீறல் விழுந்தது. மாயாவிக்கு வேர்த்தது. குரலை இனிப்பாக்கிக்கொண்டு குனிந்தான். "பாவம்... பெத்த பிள்ளை ஒண்ணுகூடத் தங்கலையாம்மா?"

உமையாள் மாட்டுக் கயிற்றை இறுக்கிப் பிடித்தாள். சொல்லி அழுதுவிடலாமா? சீறிவிடலாமா? அவள் கதை என்ன என்று கேட்காதீர்கள். அவள் சொல்லாததை நானும் சொல்ல மாட்டேன்.

மெல்ல நிமிர்ந்தாள்.

"இது எனக்கு வலிக்கிற கேள்வி ஐயா. எனக்கு எப்போ தோணுதோ, யார்கிட்ட தோணுதோ, அப்போ அவங்ககிட்ட சொல்லிக்குவேன். உங்ககிட்ட இல்லை. அதுவும் என்னோட இருக்கட்டும். கதவைத் திறங்க!"

படார்!

குடம் வெடித்தது. அடைபட்ட குரல்கள் எல்லாம் ஆரவாரமாய் மலையைத் தாண்டிப் பறந்தன. துருவிமுகன் புகையாய்க் கலைந்தான். கதவு தானாகத் திறந்தது.

வண்டி நிறைய உப்போடு உமையாள் ஊர் திரும்பினாள். செவ்வந்தி எல்லையிலேயே ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "அக்கா, எத்தனை நாள் பேச்சு பாக்கி இருக்கு தெரியுமா!" என்று ஆரம்பித்தவள், வீடு வரைக்கும் நிறுத்தவில்லை.

ராஜாவே அவர்கள் வாசலுக்கு வந்தார். "உமையாள், உனக்கு என்னம்மா வேணும்?"

அந்தக் கேள்விக்கு அவள் தாராளமாகப் பதில் சொன்னாள். "கணவாயை நான் பார்த்துக்கறேன் மகாராஜா. யார் வந்தாலும் ஒரு கேள்வியும் கேட்காம விடுவேன்."

அன்று முதல் கணவாய் அவள் கையில். வருகிறவர்களிடம் "தண்ணீர் குடிக்கிறீங்களா?" என்பதைத் தவிர, அவள் எதுவும் கேட்டதே இல்லை.