தவசியம்மை கேட்ட அவல்

மலைகளுக்கு நடுவே ஒரு கிண்ணம்போல இருந்தது ஏழுசுனை என்ற ஊர். ஒரு விடியற்காலையில், அடுப்பில் வைத்த பால் பொங்கி அடங்குவதற்குள், பூமி அதிர்ந்து அந்தக் கிண்ணத்தைக் குலுக்கிப் போட்டுவிட்டது.

அதெல்லாம் நடந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. ஊரைத் திரும்பவும் கட்டி எழுப்பியவர் திருமேனி. ஊர்த்தலைவர், அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தவர். இடிபாடுகளில் தன் மனைவி மயிலம்மாவைப் பறிகொடுத்திருந்தார். உட்கார்ந்து அழக்கூட நேரமில்லாமல் கல் சுமந்தார், மரம் தேடி அலைந்தார், தெருக்களுக்குக் கயிறு பிடித்து அளந்தார். கடைசிக் கூரையும் ஏறிய பிறகு, ஒரு நாள் தெருவின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடி வரை பார்த்தார். எல்லாம் இருந்தது. ஆனாலும் என்னவோ இல்லை.

ஊர் எழுந்து நின்றது. விழிக்கத்தான் இல்லை.

ஜனங்கள் தூக்கத்தில் நடப்பதுபோல நடந்தார்கள். காலடியில் ஏதோ ஒன்று படுத்துத் தூங்குகிறது, அதை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல மெல்லப் பேசினார்கள். யார் வீட்டிலும் உறி கட்டவில்லை. குழந்தைக்குத் தூளி கட்டவில்லை. தொங்குகிற எதைப் பார்த்தாலும் அது ஆடுகிறதா என்றே கண் போயிற்று. கதவுகளை யாரும் தாழிடுவதில்லை. பக்கத்தில் ஒருவர் பலமாகத் தும்மினால்கூட எல்லோரும் குனிந்து தரையைப் பார்த்தார்கள். செத்துப்போனவர்களின் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை.

முக்கியமாக, ஊரில் உலக்கைச் சத்தம் இல்லை. உரல்களைக் கவிழ்த்துப் போட்டு அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். நெல்லைத் தலைச்சுமையாக அடிவாரத்து ஊருக்குக் கொண்டுபோய்க் குத்தி, அரிசியாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அவ்வளவு தூரம் நடப்பது அவர்களுக்குக் கஷ்டமாகத் தெரியவில்லை. தரை அதிர்வதுதான் தாங்கவில்லை.

ஊருக்கு மேலே, சுனையை ஒட்டிய ஒரு பாறை ஒதுக்கில் தவசியம்மை என்ற துறவி இருந்தார். திருமேனியைவிட இருபது வயதாவது இளையவர். ஊர் விழுந்த சில நாட்களில் எங்கிருந்தோ வந்தவர். அந்த நாட்களில் பலரும் வந்து, இது ஏன் நடந்தது என்று காரணம் சொல்லிவிட்டுப் போனார்கள். தவசியம்மை காரணம் எதுவும் சொல்லவில்லை. கஞ்சி காய்ச்சினார், ஊற்றினார், பாத்திரம் கழுவினார். அதைப் பார்த்துத்தான் திருமேனி அவரைக் குருவாக ஏற்றுக்கொண்டார்.

ஒரு நாள் காலை, பனி இன்னும் விலகாத நேரம், திருமேனி பாறைக்கு ஏறிப்போனார்.

"தாயே, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க ஐயா."

"கட்ட வேண்டியதையெல்லாம் கட்டிட்டேன். இன்னும் என்ன கட்டினா ஊர் திரும்பி வரும்?"

தவசியம்மை கீழே பனியில் மிதந்துகொண்டிருந்த கூரைகளைப் பார்த்தார்.

"எனக்கு அவல் திங்கணும்னு ஆசையா இருக்கு" என்றார். "கொஞ்சம் இடிச்சுக் கொண்டு வர்றீங்களா?"

திருமேனிக்குக் கவிழ்ந்துகிடக்கும் உரல்கள் நினைவுக்கு வந்தன. "அடிவாரத்துல வாங்கிட்டு வரட்டுமா, தாயே?"

"இங்க இடிச்ச அவல்தான் வேணும்."

சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனார்.

திருமேனி நெல்லை ஊறப்போட்டார். மறுநாள் விடிந்ததும் வறுத்தெடுத்தார். முற்றத்தில் கவிழ்ந்துகிடந்த உரலை நிமிர்த்திக் கழுவினார். உலக்கையைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

ஊர் விழுந்த அன்றைக்கும் மயிலம்மா இதே போல முற்றத்தில் இடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே படுத்திருந்த அவர், தரை அதிர்ந்ததும் அவளுடைய உலக்கை என்றே நினைத்தார். அந்தச் சத்தத்தில் எப்போதும் அவருக்கு நல்ல தூக்கம் வரும். இன்னொரு முறை புரண்டு படுத்தார். அதற்குப் பிறகு நினைவு வந்தபோது அவரைத் திறந்த வெளியில் கிடத்தியிருந்தார்கள். முற்றத்துச் சுவர் மயிலம்மாவின் மேல் சரிந்திருந்தது.

கண்ணை மூடிக்கொண்டு உலக்கையை ஓங்கிக் குத்தினார்.

மூன்றாவது குத்துக்குள் தெரு முழுக்க ஜனம் நின்றது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, கிழவர்களைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, பாதி முடிந்த கூந்தலோடு, பனிக்குள் உருவங்களாக நின்றார்கள். உரலையும் உலக்கையையும் தலைவரையும் பார்த்தார்கள். யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒருவர் பின் ஒருவராகச் சத்தமில்லாமல் உள்ளே போனார்கள்.

நொறுங்கிய நெல்லைத் துணியில் முடிந்துகொண்டு திருமேனி பாறைக்கு ஏறினார்.

"இது அவல் இல்லையே ஐயா" என்றார் தவசியம்மை.

"ஊரே பயந்து வெளியில ஓடி வந்துருச்சு, தாயே. நான் பாவி மாதிரி நின்னேன். எனக்கே அந்தச் சத்தம் தாங்கலை."

"தெரியும்."

"இதை விட்டுடுங்க. வேற எது கேட்டாலும் செய்றேன்."

"நாளைக்கு இடிக்கறதுக்கு முன்னாடி தெருவுல போய்ச் சொல்லுங்க. இடிக்கப்போறேன், இது என் உலக்கைதான்னு சொல்லுங்க. சொல்லிட்டு இடிங்க."

மறுநாள் அப்படியே செய்தார். வீடு வீடாக நின்று, "நான்தான் இடிக்கப்போறேன், பயப்படாதீங்க" என்றார். ஜனங்கள் வாசலுக்கு வந்து காத்திருந்தார்கள். அவர் இடித்தபோது சிலர் காதைப் பொத்திக்கொண்டார்கள். சிலர் மண்ணில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்கள். இது அந்த அதிர்வு இல்லை, வேறு அதிர்வு என்று கை மெல்லக் கற்றுக்கொண்டது.

அடுத்தடுத்த நாட்களில் வாசலுக்கு வருகிற கூட்டம் குறைந்தது. அவல்தான் வரவே இல்லை.

ஒரு காலை எதிர்வீட்டுச் சடைச்சி இடுப்பில் கை வைத்து அவர் இடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கச் சகிக்காமல் தெருவைக் கடந்து வந்தாள்.

"தலைவரே, நெல்லு ஆறிக்கெடக்கு. சூட்டோட இடிச்சாத்தானே அவல் வரும்? நீங்க வறுத்துப் போடுங்க. அதை இங்க குடுங்க."

உலக்கையை வாங்கிக்கொண்டாள். முதல் குத்து உரலின் விளிம்பில் பட்டது. இரண்டாவதில் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு தோள் பழைய தாளத்தைப் பிடித்துக்கொண்டது. உலக்கை போடும்போது மூச்சோடு ஒரு 'உம்' வந்தது. இடித்துக்கொண்டே அழுதாள், நிறுத்தவில்லை. திருமேனி சூடான நெல்லை அள்ளி அள்ளிப் போட்டார்.

அன்றைக்கு அவல் வந்தது. புடைத்து, வெல்லம் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

தவசியம்மை ரசித்து மென்றார். "கல்லு கடிக்குது" என்றார். மிச்சம் வைக்காமல் தின்றார்.

மழைக்காலம் வந்து போயிற்று. ஒவ்வொரு முற்றமாக உரல்கள் நிமிர்ந்தன. அடிவாரத்துக்குச் சுமை தூக்கிப் போவது நின்றது. இப்போது திருமேனி தெருவில் போய் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. காலையில் பள்ளத்தாக்கின் பனிக்குள்ளிருந்து உலக்கைச் சத்தம் அங்கொன்றும் இங்கொன்றுமாக மிதந்து வரும். படுத்தபடியே அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். சில நாள் அந்தச் சத்தத்திலேயே மறுபடி கண்ணயர்ந்துவிடுவார்.

அப்படிக் கண்ணயர்ந்த ஒரு காலையில்தான் அந்தக் கூச்சல் அவரை எழுப்பியது.

"ஏண்டி சடைச்சி! பொழுது விடியறதுக்குள்ள உனக்கு என்னடி இடி? எம்புள்ள இப்பத்தான் கண்ணசந்துச்சு!"

சடைச்சியின் பக்கத்து வீட்டுப் பவளாயி. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுத்தெருவில் நின்றாள்.

"ராவெல்லாம் உம்புள்ள கத்துச்சே, நான் வந்து கேட்டேனா?" என்றாள் சடைச்சி, உலக்கையை நிறுத்தாமல்.

"பச்சைப்புள்ள கத்தாம என்ன பண்ணும்? உங்க மாமியாளும் இப்படித்தான், அடுத்தவங்க தூங்கினா அவளுக்குப் பொறுக்காது!"

"எங்க மாமியாளைப் பேசாதே! உங்க அப்பன் எங்க வேலிய நகத்தி நகத்தி வெச்சதை ஊரே பாத்துச்சு!"

மாமியாரும் சரி, அப்பனும் சரி, அந்த விடியற்காலையில் போனவர்கள். செத்தவர்கள் பேச்சு தெருவில் உரக்க விழுந்தது. யாரும் குனிந்து தரையைப் பார்க்கவில்லை. எதிர்வரிசைக்காரர்கள் சடைச்சி பக்கம் வந்து நின்றார்கள். மேலத்தெருக்காரர்கள் பவளாயிக்குப் பரிந்துகொண்டு வந்தார்கள். ஆடு மேய்ந்த கதை வந்தது, என்றோ ஒரு கல்யாணப் பந்தியில் பாயசம் எட்டாத கதை வந்தது. திருமேனி நடுவில் புகுந்து இரண்டு கையையும் தூக்கினார். அவருக்கும் கூட்டத்திலிருந்து திட்டு விழுந்தது.

"எல்லாம் இவராலதான்! வீட்டை வீட்டோட ஒட்டி வெச்சுக் கட்டினது யாரு? மயிலம்மா அக்கா இருந்திருந்தா இவரை இப்படிக் கட்ட விட்டிருக்குமா?"

திருமேனியின் கைகள் தாமாகவே இறங்கின. இத்தனை வருஷத்தில் அந்தப் பெயரை இன்னொருவர் வாயால் கேட்டதில்லை. திட்டாக வந்த அந்தப் பெயரை, திட்டாகவே ஆனாலும், இன்னொரு தடவை யாராவது சொல்ல மாட்டார்களா என்றிருந்தது. யாரோ சொன்னார்கள். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

கூச்சல் இன்னும் ஏறியது. அவர் துண்டை வாரிக்கொண்டு பாறைக்கு ஓடினார்.

தவசியம்மை சுனை ஓரத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். பனி கலைந்து, வெயில் கீழே கூரைகளின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. சத்தம் அங்கே வரைக்கும் தெளிவாகக் கேட்டது.

"தாயே, ஊரே ரெண்டுபட்டுப் போச்சு" என்றார் திருமேனி மூச்சிரைக்க. "நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும்."

தவசியம்மை கையை உதறிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். நல்ல சங்கீதம் கேட்பவரைப்போல வெகுநேரம் கேட்டார்.

"ரெண்டுபடணும்னா, முதல்ல ஊர்னு ஒண்ணு இருக்கணுமே ஐயா" என்றார்.