ஆளுக்கொரு சக்கரம்

நரிக்குண்டுப்பட்டியில் நாலு பேர் சேர்ந்து ஒரு பழைய ஜீப் வைத்திருந்தார்கள். பின்னால் சண்டை வரக்கூடாது என்று ஆளுக்கொரு சக்கரமாகப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். முன் வலது பேச்சியப்பனுக்கு. ஸ்டியரிங்கும் அந்தப் பக்கமே இருந்ததால் அவர்தான் டிரைவர், அவர்தான் தலைவர். பின் வலது ஒச்சுவுக்கு, பின் இடது மொக்கராசுவுக்கு, முன் இடது தவசிக்கு. நடுவில் கிடந்த எஞ்சின் யார் பங்கிலும் வரவில்லை. அதனால் அதற்கு யாரும் ஆயில் மாற்றியதில்லை.

தவசிக்கு வயது முப்பத்தெட்டு. பதினாலு இடத்தில் பெண் பார்த்து, பதினாலு இடத்திலும் பஜ்ஜி மட்டும் சாப்பிட்டுத் திரும்பியவன். பதினைந்தாவதாக மலைமேல் தேனடைக்காட்டில் ஓர் இடம் அமைந்தது. பெண் பெயர் பஞ்சவர்ணம். அவளைப் பார்த்த நாளிலிருந்து பாவம், அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் அப்பா கருத்தமாயன் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

“எங்க ஊருப் பாதை கல்லும் குழியுமா கெடக்கும். நாளைக்கி எம்மக ஒரு நல்லது கெட்டதுக்கு வந்து போகணும்ல? வர்ற வெள்ளிக்கிழமை உங்க வண்டி எம் வாசல்ல வந்து நிக்கட்டும். பத்தரைக்கு ராகு காலம். அதுக்கு முன்னாடி நின்னுச்சுன்னா தட்டு மாத்திக்குவோம். நிக்கலேன்னா வேற இடம் பாத்துக்கிறேன்.”

உடனே மலைப்பாதைக்கு ஏற்ற பெரிய டயராக வாங்கி மாட்டினார்கள். டயர் பெரிதாகிவிட்டது, ஜீப் பழைய அளவிலேயே இருந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் டயர் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பட்டையில் உரசி, ஆட்டுக்குட்டி போலக் கத்தியது. நேராகப் போனால் கத்தவில்லை. மலைக்கு வளைவே இல்லாத ரோடு இருக்கிறதா என்று ஒச்சு இரண்டு நாள் விசாரித்துப் பார்த்தான். இல்லை என்று தெரிந்த பிறகுதான் டவுனுக்கு, மெக்கானிக் காஜா பாயிடம் போனார்கள்.

பாய் குனிந்து பார்த்தார். “இது ஆஃப் ரோடு வண்டி. அதுக்குத் தகுந்த மாதிரி வச்சுக்கணும்ல? டயரு இன்னும் வெளிய தள்ளி நிக்கணும். புது ரிம்மு வாங்கிப் போடுங்க, தொல்லையே இல்ல. இல்லாட்டி, இருக்குற ரிம்முக்கும் அச்சுக்கும் நடுவுல ஸ்பேசர் வைங்க. கனமான வளையம், ரெண்டு இஞ்சு தடிமன் இருக்கும். அது சல்லிசு, ஆனா நட்டு மேல ஒரு கண்ணு வச்சுக்கிட்டே இருக்கணும். ரெண்டுல ஒண்ணு செய்ங்க.”

தொல்லை இல்லாததே நல்லது என்று பேச்சியப்பன் ஒச்சுவைப் புது ரிம் வாங்க அனுப்பினார். ஒச்சு பஜாரில் விசாரித்தான். பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கும் கடையைக் காட்டினார்கள்.

“எத்தனை ரீம்?” என்று கேட்டார் கடைக்காரர்.

“நாலு.”

“ஏ ஃபோரா, லீகலா?”

“லீகலாவே குடுங்க. நாங்க எதையும் சட்டப்படிதான் செய்வோம்.”

நாலு கட்டும் வந்து இறங்கின. நாலு பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள். தவசிக்கு மட்டும் மனசுக்குள் ஏதோ இடித்தது.

“அண்ணே, இது எழுதுற தாளு மாதிரி இல்ல?”

“இதுல ஏதாச்சும் எழுதியிருக்கா?” என்றார் பேச்சியப்பன்.

“இல்லண்ணே.”

“அப்ப எப்படிய்யா எழுதுற தாளாகும்?”

சக்கரத்துக்கு ஒரு கட்டாக, டயருக்கும் பட்டைக்கும் நடுவில் சொருகினார்கள். உரசல் நின்றது. முதல் வளைவு வரை நின்றது. அதன் பிறகு வழிநெடுகத் தாளாகப் பறந்தது. பின்னால் வந்த பஸ் டிரைவர் ஏதோ ஊர்வலம் போகிறது, நோட்டீஸ் போடுகிறார்கள் என்று நினைத்து வண்டியை ஓரம் கட்டினார்.

“அப்ப ஸ்பேசர்தான்,” என்றார் பேச்சியப்பன். “எத்தனை வாங்குறது?”

“நாலு,” என்றான் தவசி.

“பாய் சொன்னத நீ காதுல வாங்கலையா? ரெண்டுல ஒண்ணு. ரெண்டு சக்கரம் இருந்தா அதுல ஒண்ணுக்குப் போடணும். நாலு இருந்தா?”

மொக்கராசு விரல் விட்டு எண்ணினான். “ரெண்டு.”

“எந்த ரெண்டு? அங்கதான் மூளை வேணும். பாய் இத ஆஃப் ரோடு வண்டின்னாரு. ஆஃப்னா என்ன? ஆஃப் டிக்கெட், ஆஃப் பாயில், ஆஃப் ரோடு. பாதி ரோட்டுல போற வண்டி. வலது பக்கம் ரோட்டு மேல, இடது பக்கம் ரோட்டுக்கு வெளிய. இத்தனை நாளா முழு ரோட்டையும் நாம ஓட்டிக்கிட்டு இருந்தோம். அதான் வண்டி கத்தியிருக்கு.”

எல்லோருக்கும் குற்ற உணர்ச்சியாகிவிட்டது. காட்டுப் பக்கம் போகிற சக்கரங்களுக்கே ஸ்பேசர் தேவை என்று முடிவானது. அதாவது தவசிக்கும் மொக்கராசுவுக்கும்.

பாய் இரண்டு ஸ்பேசரை எடுத்துக் கொடுத்துவிட்டு, “ரெண்டே ரெண்டா?” என்று கேட்டார்.

“கணக்குப் போட்டாச்சு பாய். நாங்களே மாட்டிக்கிறோம்.”

கடையில் கூட்டம். பாய்க்கு மேற்கொண்டு கேட்க நேரமில்லை. “ஒண்ணு மட்டும் மறந்துறாதீங்க,” என்றார். “அம்பது கிலோமீட்டர் ஓடினதும் நட்டையெல்லாம் ஒருக்கா இறுக்கிருங்க. இல்லேன்னா சக்கரம் கழண்டுக்கும்.”

வெள்ளிக்கிழமை காலையில் ஸ்பேசரை மாட்டி, மீட்டரைப் பூச்சியத்தில் வைத்துப் புறப்பட்டார்கள். தவசி வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. மடியில் வெற்றிலை பாக்குத் தட்டு, கையில் ஸ்பேனர். ஜீப்பின் வலது பாதி தார் ரோட்டிலும் இடது பாதி சாக்கடையிலுமாகப் போனது. எதிரே வந்தவர்கள் எல்லாம் கும்பிட்டு வழிவிட்டார்கள். மொக்கராசு வெளியே தலைகீழாகத் தொங்கியபடி நட்டு மேல் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு வந்தான். ஒரு கண் என்றுதானே பாய் சொன்னார், அதனால் இன்னொன்றை மூடிக்கொண்டான்.

இருபதாவது கிலோமீட்டரில் முன் இடது பக்கம் கடகடவென்றது.

“நட்டு ஆடுதுண்ணே!” என்று கீழேயிருந்து கத்தினான் மொக்கராசு. “தவசி சக்கரத்து நட்டு!”

“கொஞ்சம் நிறுத்துங்கண்ணே, இறுக்கிருவோம்,” என்றான் தவசி.

பேச்சியப்பன் மீட்டரைப் பார்த்தார். “இருபதுதான் ஆகியிருக்கு. பாய் என்ன சொன்னாரு? அம்பது. டாக்டர் சாப்பாட்டுக்குப் பின்னாடின்னு குடுத்த மாத்திரைய முன்னாடியே முழுங்குவியா நீ?”

தவசிக்கு அதுவும் நியாயமாகவே பட்டது. ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டான்.

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே தேனடைக்காடு வந்துவிட்டது. வாசலில் பந்தல், ஜமுக்காளம், குத்துவிளக்கு. கருத்தமாயன் கைகூப்பி நின்றார். கதவோரம் பச்சைப் புடவையில் பஞ்சவர்ணம். மீட்டர் இருபத்திரண்டைக் காட்டியது. பேச்சியப்பன் வண்டியை நிறுத்தவில்லை.

“இன்னும் இருபத்தெட்டு பாக்கி இருக்கு மாமா! ஓட்டிட்டு வந்துர்றோம்!” என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டிப் போனார்.

ஊரை ஒரு சுற்றுச் சுற்றினால் சரியாக ஒரு கிலோமீட்டர். அதனால் பேச்சு வார்த்தை தவணை முறையில் நடந்தது.

முதல் சுற்றில் கருத்தமாயன், “மாப்பிள்ளை, வாங்க!” என்றார்.

இரண்டாவது சுற்றில் தவசி, “வந்துக்கிட்டே இருக்கேன் மாமா!” என்றான்.

மூன்றாவது சுற்றில், “மணி பத்தாச்சு!” நான்காவதில், “தெரியும் மாமா!” ஐந்தாவதில் பஞ்சவர்ணம் ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினாள். ஆறாவதில் தவசி அதை வாங்கினான். ஏழாவதில் காலிச் சொம்பைக் கொடுத்தான். அவள் விரல் அவன் விரலில் பட்டது. எட்டாவது சுற்று முழுக்க அவன் அழுதுகொண்டிருந்தான். மணி பத்து இருபது. இன்னும் இருபது கிலோமீட்டர். இந்த இடமும் போய்விடும், இனி பஜ்ஜிகூடக் கிடைக்காது என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. ஸ்பேனர் மட்டும் மடியில் சும்மா இருந்தது.

ஒன்பதாவது சுற்றில், வாசலுக்குச் சற்று முன்னால், தவசியின் சக்கரம் கழன்றது. ஜீப் ஒரு பக்கம் சாய்ந்து உரசிக்கொண்டே போய் வைக்கோல் படப்பில் மோதி நின்றது. சக்கரம் மட்டும் அவசரப்படாமல் உருண்டு, பந்தலுக்குள் நுழைந்து, ஜமுக்காளத்தைத் தாண்டி, நிலைக்கதவில் சாய்ந்து வாசலில் நின்றது.

ஊரே ஓடி வந்தது. நாலு பேரும் வைக்கோலைத் தட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். கருத்தமாயன் சக்கரத்தை மேலும் கீழும் பார்த்தார்.

“இது யாரு சக்கரம்?”

“என்னுதுதான் மாமா,” என்றான் தவசி.

“முழுசா உம் பங்கா?”

“முழுசா என் பங்கு.”

கருத்தமாயன் கூட்டத்தைப் பார்த்தார். “மாப்பிள்ளையோட பங்கு நேரத்துக்கு வாசல்ல வந்து நின்னுருச்சு. மத்தவுக பங்கு வந்தா என்ன, வராட்டி என்ன? அவுகளுக்கா பொண்ணு குடுக்குறோம்?”

கூட்டம் தலையாட்டியது. பத்து இருபத்தெட்டுக்குத் தட்டு மாற்றினார்கள். தவசிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. முப்பத்தெட்டு வயதில் அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

சாப்பாடு முடிந்ததும் சக்கரத்தை மாட்டலாம் என்று அவன் எழுந்தான். பேச்சியப்பன் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

“மீட்டர் முப்பத்தொன்னுலதான் நிக்குது. பத்தொம்போது பாக்கி.”

“வண்டி ஓடாதே அண்ணே?”

“சக்கரம் ஓடும்ல? உருட்டு.”

தவசி சக்கரத்தைத் தெருவில் இறக்கினான். அப்போதுதான் பஞ்சவர்ணம் முதல்முறையாக வாய் திறந்தாள்.

“இது ஒண்ணு மட்டும் அம்பது ஓடினா போதுமா? மத்த மூணும் முப்பத்தொன்னுலயே நின்னா அதுகளுக்கு யாரு நட்டை இறுக்குறது?”

இத்தனை அறிவான பெண் தனக்காகவா காத்திருந்தாள் என்று தவசிக்கு உடம்பு சிலிர்த்தது. ஜீப்பைக் கல்லுக்கு மேல் தூக்கி நிறுத்தி, மற்ற மூன்று சக்கரங்களையும் கழற்றினார்கள். ஆளுக்கொன்றாக உருட்டிக்கொண்டு ஊரைச் சுற்றினார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் பஞ்சவர்ணம் சுவரில் ஒரு கரிக்கோடு போட்டாள். பத்தொன்பதாவது கோடு விழுந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது.

“அம்பது!” என்றார் பேச்சியப்பன். “இறுக்குங்கய்யா!”

சக்கரங்களைச் சுவரோரம் வரிசையாகச் சாய்த்துவிட்டு, நாலு பேரும் ஜீப்புக்கு ஓடினார்கள். அச்சில் நீட்டிக்கொண்டிருந்த போல்ட்டுகளில் நட்டுகளைப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, இனி ஒரு இம்மியும் நகராது என்கிற வரை இறுக்கினார்கள். ஏறி உட்கார்ந்தார்கள். பேச்சியப்பன் எஞ்சினை உறுமவிட்டு முதல் கியரைப் போட்டார். கடகடப்பு இல்லை. ஆட்டம் இல்லை. உரசல் அடியோடு போயிருந்தது.

“பாய் பாய்தான்யா!” என்று டாப் கியருக்கு மாற்றினார். “குழியில போறதே தெரியலையே.”

தவசி திரும்பிப் பார்த்துக் கையாட்டினான். வழியனுப்புகிறவர்கள் வண்டி கண்ணுக்கு மறைகிற வரை கையை இறக்கக் கூடாது என்பது தேனடைக்காட்டு வழக்கம். பஞ்சவர்ணம் வாசலில் நின்று கையாட்டினாள். மாப்பிள்ளை வண்டி போகிற வேகத்தை எல்லோரும் மெச்சினார்கள். அரை மணி நேரம் ஆகியும் அது மறையவில்லை. அவளுக்குக் கை வலித்தபோது, கருத்தமாயன் வந்து கொஞ்ச நேரம் ஆட்டினார்.