பல்லக்கில் வந்த பசு

முன்னொரு காலத்திலே, மூன்று வருஷம் மழை பொய்த்த ஒரு நாட்டில், அரசருக்குத் திடீரென்று இரக்கம் வந்தது. பட்டினி கிடக்கும் மாடு ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்டி வைக்கோலும் ஐந்து பணமும் உடனே கொடுக்கச் சொன்னார்.

கொடுக்க வேண்டியவர் களஞ்சிய அதிகாரி அழகியசொக்கர். அவர் ஒரு விதி வைத்தார்: மாடு அரண்மனை வாசலுக்கு வந்து முகம் காட்ட வேண்டும். வந்த மாடுகளை, "இத்தனை தூரம் நடந்திருக்கிறதே, இதற்கென்ன பட்டினி?" என்று திருப்பி அனுப்பினார். நடக்க முடியாத மாடு வரவே இல்லை. ஒரு மாதமாகியும் களஞ்சியத்திலிருந்து ஒரு வைக்கோல் துரும்புகூட வெளியே போகவில்லை.

ஒச்சாயிக்கு இருந்தது ஒரே பசு. அது படுத்து நாலு நாளாயிற்று. ஒரு காதம் நடந்து போய்ச் சபையில் நின்றாள்.

"எந்திரிக்கவே மாட்டேங்குது மகராசா. இன்னும் ரெண்டு நாள் தாங்காது."

"விதிப்படி வாசலுக்கு வரட்டும்," என்றார் அழகியசொக்கர். பிறகு விகடகவி மருதக்கூத்தனைப் பார்த்தார். அரசர் அவனைப் பக்கத்தில் உட்காரவைப்பது அவருக்கு நெடுநாளாக ஆகாது. "நம் விகடகவிக்கு முடியாதது உண்டா? நாளை உச்சிப்பொழுதுக்குள் இவள் பசுவை வரவழைக்கட்டும். முடியாவிட்டால் சபையை விட்டுப் போகட்டும்."

அரசருக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. "ஆகட்டும் கூத்தா. அரண்மனையில் எது வேண்டுமோ எடுத்துக்கொள். ஆனால் பசுவின் கால் தரையில் படக் கூடாது. பட்டால் நடந்ததாகத்தான் அர்த்தம்."

மறுநாள் காலை ஒச்சாயியின் தொழுவத்து முன்னால் அழகியசொக்கரின் பல்லக்கு வந்து நின்றது. அதிகாரியே வந்துவிட்டார் என்று பதறிக் கும்பிட்டாள். உள்ளே யாருமில்லை. பின்னால் நடந்து வந்த கூத்தன், "திரையைத் தூக்கிப் பிடி தாயி, பசுவை ஏத்தணும்," என்றான்.

"பட்டு மெத்தையில சாணி போட்டுட்டா சாமி?"

"போடுறதுக்கு வயித்துல ஏதாச்சும் இருக்கணுமே."

உச்சிக்கு முன்பே பல்லக்கு சபைக்குள் நுழைந்தது. திரையை விலக்கிப் பசு எட்டிப் பார்த்தது. அழகியசொக்கர் துள்ளி எழுந்தார்.

"என் பல்லக்கு! மன்னா, இது ஏமாற்று. இந்த மாட்டுக்குப் பட்டினியே இல்லை, நடிக்கிறது!"

கூத்தன் பல்லக்குத் தூக்கிகளிடம் திரும்பினான். "தோள் கொடுக்கிறவங்க நீங்க. பாரம் எப்படி இருந்துச்சு?"

முன்னால் நின்றவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "பொய் சொல்லக் கூடாதுங்க. ஐயாவை ஒரு காதம் சுமந்தா நாலு தடவை இறக்கி வைப்போம். இன்னைக்கு இறக்காமலே வந்துட்டோம். நடுவழியில, மாடு கீழே விழுந்துடுச்சோன்னு ஒருதரம் திரையை நீக்கிப் பார்த்தோம்."

அரசர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தன் கழுத்தில் போட்டார். ஒச்சாயி கையில் ஐந்து பணம் வைக்கச் சொன்னார். "இனி மாடு வர வேண்டாம். அதிகாரி தொழுவந்தோறும் போய்க் கொடுத்துவிட்டு வருவார்."

"பல்லக்கு, மன்னா?" என்றார் அழகியசொக்கர்.

"இத்தனை தூரம் நடந்தால்தான் உமக்குப் பட்டினி இல்லையென்று நமக்கும் தெரியும்."

அதற்குள் வைக்கோல் கட்டு வந்தது. பசு மெத்தையில் படுத்தபடியே தலையை நீட்டித் தின்னத் தொடங்கியது. அழகியசொக்கர் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போனார்.