சிறகில்லாத யானையும் கசிந்த ஏரியும்

முன்னே ஒரு காலம். ஆறுகளுக்கெல்லாம் இன்னும் பேர் வைத்து முடியாத காலம். மேகங்கள் மலையில் இறங்கி, கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு எழுந்து போகிற காலம். அந்தக் காலத்திலே தாழைநாடு என்று ஒரு நாடு இருந்தது. அதற்கு ஒரு ராஜா இருந்தான். ராஜா என்றதும் முறுக்கு மீசையை நினைத்துக்கொள்ளாதீர்கள். அவனுக்கு மீசையும் இல்லை, முன்பல்லும் இல்லை. பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்காத பிள்ளை அவன். பேர் சேந்தன்.

அவனுடைய அப்பா குதிரையிலிருந்து விழுந்து இறந்துபோனார். அம்மா இளநங்கை அன்றைக்கே அரண்மனை வாசலை இழுத்துச் சாத்தினாள். "வெளியே குதிரை இருக்கிறது, பாம்பு இருக்கிறது, வெள்ளம் இருக்கிறது. என் பிள்ளை வெளியே போக வேண்டாம். உலகம் உள்ளே வரட்டும்" என்று சொல்லிவிட்டாள். பெற்ற வயிறு, பயந்துவிட்டது. அவளைத் திட்டாதீர்கள்.

உலகம் எப்படி உள்ளே வரும்? சித்திரக்காரர்கள் கொண்டுவந்தார்கள். சுவர் சுவராக எழுதினார்கள். ஒரு சுவரில் சந்தை, ஒரு சுவரில் மாட்டுவண்டி, ஒரு சுவரில் மழை. அவை கண்ணால் பார்த்தவை. இன்னொரு சுவரில் சிறகுள்ள வெள்ளை யானை, இன்னொன்றில் பொன் மாம்பழம் காய்க்கிற மரம், இன்னொன்றில் மீன்வால் வைத்த பெண். அவை மனசில் நினைத்தவை. எல்லாவற்றுக்கும் ஒரே வண்ணம், ஒரே தூரிகை. எது பார்த்தது, எது நினைத்தது என்று பிள்ளைக்கு ஒருவரும் சொல்லவில்லை. வளர்ந்தால் தானே தெரிந்துகொள்வான் என்று விட்டுவிட்டார்கள்.

சேந்தனுக்கு அந்த யானையின் மேல்தான் உயிர். மத்தியானத்தில் சாளரம் வழியாக வெயில் வரும். தோட்டத்து மரம் காற்றில் ஆட, அதன் நிழல் சுவரில் ஆடும். அப்போது யானையின் சிறகு மெல்ல அசைவது போல இருக்கும். அவன் அதன் காலடியில் பாயைப் போட்டுப் படுத்துக்கொள்வான். கனவில் யானை அவனை முதுகில் ஏற்றிக்கொண்டு மேகத்துக்குள் போகும். மேகத்துக்குள் பனி வாசனை அடிக்கும், யாரோ தூரத்தில் பாடுவார்கள். விழித்துப் பார்த்தால் யானை பழையபடி சுவரில் நிற்கும்.

அப்படி இருக்கையில் அவனுக்குப் பட்டம் கட்டினார்கள். கிரீடம் மூக்குவரை இறங்கியது. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முதல் கட்டளை போட்டான்: "எனக்கு யானை வேண்டும். ஏறிப் பறக்க வேண்டும்."

பாகன் காரி, தன் யானை முத்தழகியை முற்றத்துக்குக் கூட்டிவந்தான். சேந்தன் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "சிறகு எங்கே?"

"யானைக்கு ஏது ராசா சிறகு?"

"சுவரில் இருக்கிறதே! நீ வெட்டிவிட்டாய்! இவனைச் சிறையில் போடுங்கள்!"

அடுத்து தோட்டக்காரனைப் பொன் மாம்பழம் கேட்டான். அவன் மஞ்சள் மாம்பழம் கொண்டுவந்தான். "பொன்னை ஒளித்துவிட்டாயா? உள்ளே போ!" அடுத்து மீனவனிடம் மீன்வால் பெண்ணைக் கேட்டான். அவன் கூடை நிறைய அயிரை மீன் கொண்டுவந்தான். "அவளை விட்டுவிட்டு இதையா கொண்டுவந்தாய்? நீயும் உள்ளே போ!"

மந்திரிகள் என்ன செய்தார்கள் என்று கேட்கிறீர்களா? தரையைப் பார்த்தார்கள். பூனைக்கு மணி கட்டுவது யார்?

பாகனின் பெண்சாதி அரண்மனை வாசலில் உட்கார்ந்து அழுதாள். அந்த அழுகை அரசியின் காதில் விழுந்தது. அவள் மகனை மடியில் இருத்திக்கொண்டு, "தங்கமே, சிறகுள்ள யானை நிஜம் இல்லையடா. சித்திரக்காரர் நினைத்து எழுதியது" என்றாள்.

சேந்தனின் முகம் சுருங்கிப்போனது. "அப்படியென்றால் மாட்டுவண்டி?"

"அது நிஜம் கண்ணே."

"சந்தை?"

"அதுவும் நிஜம்."

"நீதானே யானையையும் காட்டினாய்? இப்போது நீ சொல்வதை எப்படி நம்புவது?"

 அவன் மடியிலிருந்து இறங்கி ஓடினான். சுவர் சுவராகக் கையால் அடித்துக்கொண்டு, "பொய், பொய், பொய்" என்று கத்தினான். அன்றிலிருந்து அவனுக்குப் படம் என்றால் எல்லாம் பொய். சிறையிலிருக்கிற மூன்று பேரை விடச் சொல்ல வேண்டுமே என்று கூட அவனுக்குத் தோன்றவில்லை. ராஜா வாய் போட்ட பூட்டை ராஜா வாய்தான் திறக்க வேண்டும் என்பது அந்த நாட்டு வழக்கம். அவனோ அவமானத்தில் இருந்தான். அவமானப்பட்டவனுக்கு அடுத்தவன் நினைப்பு எங்கே வரும்? பெரியவர்களுக்கே வராது.

இங்கே இன்னொரு விஷயம் சொல்லியாக வேண்டும். ராஜாவுக்கு இன்னும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. அதனால் அந்த நாட்டில் குறை சொல்ல வருகிறவர்கள், குறையைத் துணியில் படமாக எழுதிக் கொண்டுவருவார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ராஜாவே படத்தை நம்பாவிட்டால் என்ன கதி?

ஒரு நாள் நாச்சி என்று ஒருத்தி வந்தாள். பெரிய ஏரிக்கரைக்குக் கீழே இருக்கிற மடையடி என்ற ஊர்க்காரி. பழம்புடவைத் துணியில் கரியாலும் மஞ்சளாலும் அவளே எழுதியிருந்தாள். எழுத்து என்றால் அப்படி ஒன்றும் அழகில்லை. கரை கோணலாகப் போனது, மாடு ஆடு மாதிரி இருந்தது. கரையின் நடுவில் ஒரு பொத்தல், அதிலிருந்து தண்ணீர் கசிகிறது, கீழே குடிசைகள்.

சேந்தன் பார்த்துவிட்டுச் சிரித்தான். "நல்ல கதை. பொத்தலுக்குள்ளிருந்து யார் வருவார்? பூதமா?"

"தண்ணி வரும் ராசா" என்றாள் நாச்சி. "நண்டு வளை போட்டுக் கரை உள்ளுக்குள்ள இத்துப்போச்சு. மலையில மேகம் கருக்கல் கட்டி நிக்குது. ஒரு பெரிய மழை பெஞ்சா எங்க ஊரு இருக்காது. என் ரெண்டு பிள்ளையும் அந்தக் கரைக்குக் கீழதான் இருக்குதுங்க."

ஏரியைக் கவனிக்கிற அதிகாரி மல்லையன் அங்கேயே நின்றிருந்தார். கரைப் பக்கம் போய் வெகுநாள் ஆன மனிதர். அவர் சட்டென்று ஒரு பட்டுத்துணியை விரித்தார். ஆகா, என்ன படம்! நிலா மாதிரி வட்டமான ஏரி. கருங்கல் போலக் கரை. தண்ணீர் முழுக்கத் தாமரை, தாமரைக்கு நடுவில் அன்னம். கரைமேல் குடைக்குக் கீழே சேந்தனே நின்றான். மந்திரிகள் வாயைப் பிளந்தார்கள். "ராசாவின் ஏரி இப்படித்தான் இருக்கிறது" என்றார் மல்லையன்.

சேந்தன் இரண்டையும் பார்த்தான். "இதுவும் பொய், அதுவும் பொய். எடுத்துக்கொண்டு போங்கள்."

காவலர்கள் நாச்சியின் கையைப் பிடித்தார்கள். அவள் உதறிக்கொண்டு திரும்பினாள். அழுகையை அடக்கிக்கொண்டு, "என் படத்தை நம்ப வேணாம் ராசா. வந்து பாருங்க. பார்த்துட்டுப் பொய்யின்னா என்னையும் உள்ள போடுங்க" என்றாள்.

சேந்தன் நிமிர்ந்து உட்கார்ந்தான். வந்து பார் என்று இதுவரை ஒரு படமும் அவனைக் கூப்பிட்டதில்லை. வெள்ளை யானை எங்கே இருக்கிறது என்று அவனும் கேட்டதில்லை.

கிரீடத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இதை யார் பார்த்தது?" என்று கேட்டான்.

"நான் பார்த்தேன். ஊரே பார்த்துச்சு" என்றாள் நாச்சி.

மல்லையன், "தலைநகரத்திலேயே கைதேர்ந்த சித்திரக்காரர் எழுதியது" என்றார். யார் பார்த்தது என்பதற்கு அது பதில் இல்லை, கவனியுங்கள்.

"எங்கே நின்று பார்த்தது?"

"மதகுக்குப் பக்கத்துல ஒரு மொட்டைப் பனை இருக்கு. அங்க நின்னு பார்த்தேன், இடுப்புல பிள்ளையோட."

மல்லையன் தொண்டையைச் செருமினார். "அவ்வளவு பெரிய சித்திரக்காரர் போய் நிற்க வேண்டுமா என்ன?"

"நான் போனால் பார்க்கலாமா?"

"வெயில், ராசா. கல்லு, முள்ளு. தங்கள் பாதம் நோகும்" என்றார் மல்லையன்.

"வாங்க ராசா. இப்பவே வாங்க" என்றாள் நாச்சி.

சேந்தன் சிம்மாசனத்திலிருந்து குதித்து வாசலுக்கு ஓடினான். வாசலில் அம்மா நின்றாள். தாழ்ப்பாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அம்மா, திற."

அவள் அசையவில்லை. பின்னால் வந்த நாச்சி மெதுவாகச் சொன்னாள்: "தாயி, எனக்கும் பிள்ளைங்க இருக்குதுங்க."

அரசி நாச்சியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் கையாலேயே தாழ்ப்பாளை நீக்கினாள். நீக்கும்போது அழுதாள். திறந்த வாசல் வழியாகக் காற்று அரண்மனைக்குள் வந்தது.

ஏரிக்குப் போக யானை வேண்டும், யானைக்குப் பாகன் வேண்டும். சேந்தன் சொல்ல, காரியைச் சிறையிலிருந்து கூட்டிவந்தார்கள். முத்தழகி அவனைத் துதிக்கையால் தடவித் தடவிப் பார்த்தது. சேந்தன் அதன் முதுகில் ஏறியதும் தோளைக் கையால் தடவினான். இந்தப் பக்கம் தடவினான், அந்தப் பக்கம் தடவினான்.

"காரி, வெட்டிய தழும்பே இல்லையே."

"இருந்தாத்தானே ராசா."

 "தொட்டுக்கூடப் பார்க்காமல் உன்னை உள்ளே போட்டுவிட்டேன். தப்பு செய்துவிட்டேன், காரி" என்று சேந்தன் தேம்பினான். தோட்டக்காரனையும் மீனவனையும் அந்த நிமிஷமே விடச் சொன்னான். அவர்களும் கூடவே நடந்தார்கள்.

மலையிலிருந்து மேகம் இறங்கி, வழியெல்லாம் மூட்டம் போட்டிருந்தது. அதற்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தது. சலங்கைச் சத்தம் முதலில் வந்தது, பிறகு கொம்பு, பிறகு மாட்டுவண்டி. "நிஜம்! மாட்டுவண்டி நிஜம்! சாணி வாசனைகூட வருகிறது!" என்று சேந்தன் கத்தினான். சந்தை வந்தது, அதுவும் நிஜம். அம்மா சொன்னது பொய்யில்லை என்று அவனுக்குப் புரிந்தது. பின்னால் பல்லக்கில் வந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். பல் இல்லாத வாய் முழுக்கச் சிரிப்பு.

ஏரி வந்தது. வட்டமாக இல்லை. தாமரை ஒன்றுகூட இல்லை. மொட்டைப் பனை நின்றது. அதன் பக்கத்தில் கரை கசிந்துகொண்டிருந்தது. நாச்சி எழுதியதைவிடப் பொத்தல் பெரிதாகியிருந்தது. சேந்தன் கையை விட்டுப் பார்த்தான். தண்ணீர் சில்லென்று விரலைத் தள்ளியது. கீழே குடிசை வாசலில் நாச்சியின் பிள்ளைகள் இரண்டும் மண்சோறு ஆக்கி விளையாடிக்கொண்டிருந்தன.

"தாமரை எங்கே, மல்லையரே?"

"அடுத்த வருஷம் பூக்கும் ராசா" என்றார் மல்லையன்.

சிரிக்க நேரம் இல்லை. மலையில் இடி இடித்தது. எல்லோரும் இறங்கினார்கள். வைக்கோலும் களிமண்ணும் குழைத்துக் கூடை கூடையாகக் கொட்டினார்கள். தோட்டக்காரன் கொட்டினான், மீனவன் கொட்டினான், அரசி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கொட்டினாள். சேந்தன் கிரீடத்தைக் கவிழ்த்து அதில் மண் அள்ளினான். ஆனால் கொட்டிய மண்ணை எல்லாம் தண்ணீர் கரைத்துக்கொண்டு போனது. மண் இறுகினால்தானே நிற்கும்? மனிதக் கால் மிதித்தது போதவில்லை.

காரி முத்தழகியின் காதருகே குனிந்து ஏதோ சொன்னான். யானை ஈரமண்ணில் காலை வைத்தது. மறு காலை வைத்தது. தும், தும், தும் என்று மிதித்தது. அது மிதிக்க மிதிக்க மண் கெட்டிப்பட்டது. கசிவு நூலாயிற்று, துளியாயிற்று, நின்றேபோயிற்று. அன்றைக்கு அந்த ஊருக்கு வேண்டியிருந்தது சிறகு இல்லை, கனம்தான்.

அப்புறம் மழை கொட்டியது. அப்படி ஒரு மழை! கரை நின்றது. நாச்சியின் பிள்ளைகள் மழைச் சத்தம் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனார்கள்.

மல்லையனுக்கு என்ன தண்டனை தெரியுமா? கரைக்குக் கீழேயே வீடு கட்டிக் குடியிருக்கச் சொன்னான் சேந்தன். அதற்குப் பிறகு அவர் கரையைப் பார்க்காத நாளே கிடையாது.

ஒரு மந்திரி வந்து, "இனி உண்மைப் படத்துக்கெல்லாம் ஒரு சிவப்புப் பொட்டு வைக்கச் சொல்லலாமே, ராசா" என்றார். "பொய்க்காரனும் பொட்டு வைத்துக்கொள்வானே" என்றான் சேந்தன். இன்னொரு மந்திரி, "பொய் யானையைச் சுண்ணாம்படித்து அழித்துவிடலாமா?" என்றார். சேந்தன் ஓடிப்போய்ச் சுவரை மறைத்து நின்றான். "இது பொய் இல்லை, இது கதை. நிஜம் என்று சொல்லி இது யாரையும் ஏமாற்றவில்லை. கேட்காமல் நம்பியது நான்தான்" என்றான். அன்று மத்தியானமும் அதன் காலடியிலேயே பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டான். கனவிலும் அது வந்தது.

அரண்மனையில் ஒரே ஒரு சுவர் வெறுமையாக இருந்தது. மழை விட்ட பிறகு சேந்தன் அதில் தானே ஏரியை எழுதினான். கரை கோணலாகப் போனது. மொட்டைப் பனை நின்றது. யானை பன்றி மாதிரி இருந்தது, ஆனால் சிறகு இல்லை. நாச்சியைக் கூட்டிவந்து காட்டினான்.

நாச்சி கிட்டப்போய்ப் பார்த்தாள். "எல்லாம் இருக்கு ராசா. பொத்தலை மட்டும் காணோமே?"

"அதை அடைத்துவிட்டோமே, நாச்சி" என்றான் சேந்தன். அவன் நகக்கண்ணில் ஏரி மண் இன்னும் ஒட்டியிருந்தது.

 நாச்சி, கரை முழுசாக இருந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் அழுதாள்.

ஆகையால் பிள்ளைகளே, பிள்ளைகளைப் பெற்றவர்களே: கண்ட படத்தையெல்லாம் நம்பவும் வேண்டாம், எல்லாமே பொய்யென்று தள்ளவும் வேண்டாம், யார் பார்த்தது, எங்கே நின்று பார்த்தது, நாமும் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டுத் தெரிந்துகொள்வதே அறிவு.