உள்பக்கம் வேர்த்த கண்ணாடி

கோத்தகிரியில ஒரு குரு இருந்தாங்க. காவி கிடையாது, தாடி கிடையாது. முட்டி வரைக்கும் ரப்பர் பூட்ஸு, தலையில மங்கி குல்லா, கையில தண்ணி பைப்பு. பேரு சகாயமேரி. வயசு முப்பத்தாறு. மலை ரோட்டு வளைவுக்குக் கீழ, வண்டி கழுவுற வாட்டர் சர்வீஸ் ஷெட்டு தான் அவங்க ஆசிரமம்.

யாரு என்ன கேட்டாலும் சட்டுனு வாயால பதில் வராது. பிரேக்கு ஏன் கீச்சு கீச்சுங்குதுன்னு ஒருத்தர் கேட்டா, சக்கரத்துக்குள்ள மாட்டியிருந்த கல்லை நோண்டி எடுத்து அவர் உள்ளங்கையில வெச்சுட்டுப் போயிடுவாங்க. அதனால டாக்ஸி ஸ்டாண்டு டிரைவருங்க "குருவம்மா"ன்னு கூப்புட்டாங்க. கிண்டலுக்கு ஆரம்பிச்சது. அப்புறம் அதுவே நெலைச்சுப் போச்சு.

ஒரு நாள் காலையில மாசிலாமணி வந்தாரு. அம்பத்தெட்டு வயசு. பஸ் ஸ்டாண்டு டைம் ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு முப்பது வருஷம், "ஊட்டி வண்டி, எடு எடு எடு! ஏம்ப்பா மேட்டுப்பாளையம், இன்னும் என்ன தூக்கம்?"னு மைக்குல கத்துன மனுஷன். ரிட்டயர் ஆனதும் ஒரு பழைய காரு வாங்கியிருந்தாரு. தீப்பெட்டிக்கு சக்கரம் மாட்டின மாதிரி இருக்கும்.

"மேரிம்மா, ஒரு சந்தேகம்."

"ம்."

"காரை நிறுத்திட்டு உள்ள உக்காந்தா கண்ணாடி பூரா வெள்ளையாயிடுது. எதுவுமே தெரிய மாட்டேங்குது."

"தொடைச்சீங்களா?"

"துண்டால தொடைச்சேன், பேப்பரால தொடைச்சேன். உருளைக்கிழங்கை வெட்டித் தேய்ச்சேன். ஷேவிங் சோப்பைப் பூசுனேன். கல்லுப்பை சாக்ஸுல கட்டி முன்னாடி வெச்சேன்."

குரு காருக்குள்ள தலையை விட்டு மோந்து பாத்தாங்க.

"போண்டா கடை மாதிரி இருக்கு."

"கிண்டல் பண்ணாதீங்கம்மா."

"எங்க நிறுத்துறீங்க?"

"மேல, தண்ணி டேங்குக்கு எதிர்ல. சில்வர் ஓக் மரத்தடியில."

"எப்ப?"

"காலையில ஆறரையிலேருந்து எட்டு வரைக்கும்."

"இன்ஜின்?"

"அணைச்சிருவேன். சத்தம் கேக்குமில்ல?"

"உள்ள எத்தன பேரு?"

"நான் மட்டும் தான்."

குரு பூட்ஸுல ஒட்டியிருந்த சேத்தைப் பைப்புத் தண்ணியால அடிச்சாங்க. அப்புறம் சொன்னாங்க: "அப்ப மூச்சு விடாதீங்க."

சொல்லிட்டு பைப்பைத் திருப்பி ஒரு ஜீப்பைக் குளிப்பாட்டப் போயிட்டாங்க.

மாசிலாமணி என்ன பண்ணாரு தெரியுமா? நெஜமாவே மூச்சைப் புடிச்சாரு. மறுநாள் காலையில, மரத்தடியில, கன்னம் ரெண்டும் பன்னு மாதிரி உப்பி, கண்ணு பிதுங்கி, மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே இருந்தாரு. நாப்பது வரைக்கும் தாங்குச்சு. நாப்பத்தொண்ணுல "புஸ்ஸ்ஸ்"னு விட்டாரு பாருங்க, லாரி டயரு பஞ்சர் ஆன மாதிரி. மொத்தக் கண்ணாடியும் ஒரே நிமிஷத்துல பால் கோவா.

நேரா ஷெட்டுக்கு வந்தாரு.

"முடியலம்மா."

"முடியாதுன்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியணும்ல?"

"வேற வழி?"

"கண்ணாடியை ரெண்டு விரல் எறக்கி வைங்க. இந்த மலையில வண்டியில தூங்குற எல்லா டிரைவரும் அப்படித் தான் பண்ணுவாங்க."

"அது மட்டும் ஆகாது."

"குளிருதா?"

"இல்ல."

"அப்புறம்?"

"கண்ணாடி எறங்கியிருந்தா உள்ள ஆள் இருக்குறது தெரிஞ்சிடும்."

"யாருக்கு?"

மாசிலாமணி துண்டை எடுத்து முகத்தைத் தொடைச்சாரு. முகத்துல ஒண்ணும் இல்ல.

"நாளைக்கு நானும் வர்றேன்"ன்னாங்க குரு.

மறுநாள் பனி ரொம்ப. ஊரே ஒரு பாலாடைக்குள்ள போயிட்ட மாதிரி. எங்கேயோ ஒரு கோழி கூவுச்சு, அதுவும் போர்வைக்குள்ளேருந்து கூவுற மாதிரி. டேங்கு இருக்குன்னு தெரியும், ஆனா டேங்கு இல்ல. மரம் பாதிக்கு மேல மரமா இல்ல.

ரெண்டு பேரும் உள்ள உக்காந்தாங்க. கண்ணாடி மூடியிருந்துச்சு. கொஞ்ச நேரம் எதிர்ல ஒரு ஓட்டு வீடு தெரிஞ்சுது. வாசல்ல நாற்காலி. நாற்காலியில பழுப்புக் கம்பளி போத்துன ஒருத்தர்.

அப்புறம் வீடு மங்குச்சு. கம்பளி மங்குச்சு. எல்லாம் வெள்ளை. உள்ளேயும் வெள்ளை, வெளியேயும் வெள்ளை. முட்டைக்குள்ள உக்காந்தா இப்படித் தான் இருக்கும் போல. கூரையிலேருந்து ஒரு சொட்டு மெதுவா எறங்கி, யோசிச்சு, நின்னு, மறுபடி எறங்குச்சு.

மாசிலாமணி அந்த வெள்ளையையே பாத்துக்கிட்டு தூக்கத்துல பேசுற மாதிரி பேசுனாரு.

"எங்க அண்ணன் வேலாயுதம். சின்ன வயசுல இதே மாதிரி பனியில என்னைத் தோள் மேல தூக்கிக்கிட்டு தேயிலைத் தோட்டத்துக்குள்ள நடப்பாரு. கீழ அவரு கால் தெரியாது. நான் ஆகாசத்துல தனியா போற மாதிரி இருக்கும். 'அண்ணா, இருக்கியா?'ம்பேன். 'இருக்கேன்டா'ம்பாரு."

"இப்ப கூப்புட வேண்டியது தானே?"

"எட்டு வருஷமாச்சு பேசி."

"ஏன்?"

"என் பெரிய பொண்ணுக்கு மாப்ள வீட்டுக்காரங்க பூ வைக்க வந்திருந்தாங்க. இருபது பேரு. அவங்க முன்னாடி அண்ணன் சொல்லிட்டாரு, 'என் தம்பி பயந்தாங்கொள்ளிங்க, இவன் கல்யாணத்தன்னைக்கு முகூர்த்த நேரத்துல பாத்ரூமுக்குள்ள போயி தாழ்ப்பாள் போட்டுக்கிட்டான், நான் தான் ஓட்டைப் பிரிச்சு எறங்கி இழுத்துக்கிட்டு வந்தேன்'னு. சபையே சிரிச்சுது."

"பொய்யா?"

"நெஜம் தான்."

குரு சிரிக்கல. சிரிக்காம இருக்குறதுக்கு உதட்டைக் கடிச்சுக்கிட்டாங்க.

"எனக்குக் கோவம். பிரஸ்ஸுக்குப் போயி, கல்யாணப் பத்திரிகையில அவரு பேரை எடுக்கச் சொல்லிட்டேன். பெரியப்பாக்காரன் பேரு தான் முதல் வரியில வரணும். அந்த வரியே இல்லாமப் பத்திரிகை அடிச்சு, அதை அவருக்கே தபால்ல அனுப்புனேன்."

"வந்தாரா?"

"எப்படிம்மா வருவாரு?"

சொட்டு ஒண்ணு அவரு முழங்கை மேல விழுந்துச்சு.

"இப்ப சின்னப் பொண்ணுக்குக் கல்யாணம். வர்ற வியாழக்கிழமை. இந்த வாட்டி முதல் வரியில அவரு பேரு தான். கையில குடுக்கணும்னு வந்தேன். பதினோரு நாளா வந்துக்கிட்டு இருக்கேன். அவரு வாங்காம திருப்பிக் குடுத்துட்டாருன்னா? அதான், மொதல்ல முகத்தைப் பாத்து, கோவமா இருக்காரா இல்லையான்னு தெரிஞ்சுக்கிட்டு எறங்கலாம்னு பாக்குறேன். முகத்தைப் பாக்குற நேரத்துல கண்ணாடி இப்படி ஆயிடுது."

"பத்திரிகை எங்க?"

அவரு முன்னாடி காட்டுனாரு. கண்ணாடிக்குக் கீழ, உப்பு சாக்ஸுக்குப் பக்கத்துல கெடந்துச்சு. பதினோரு நாள் ஈரத்துல ஊறி வாழை மட்டை மாதிரி வளைஞ்சிருந்துச்சு. மூலையில தடவுன மஞ்சள் பாதி அட்டைக்குப் பரவியிருந்துச்சு.

குரு கதவைத் திறந்து எறங்குனாங்க.

மாசிலாமணி பதறிப் போயி விரலால கண்ணாடியில ஒரு பொட்டு அளவு ஓட்டை போட்டுப் பாத்தாரு. முன்னாடி ஒரு ஜீப்பு ராத்திரியிலேருந்து நின்னுக்கிட்டு இருந்துச்சு. அதோட கண்ணாடியும் வெள்ளை தான். குரு ஸ்வெட்டர் கையால அதை ஒரு இழுப்பு இழுத்தாங்க. பனி வழிஞ்சு, உள்ள சீட்டு பளிச்சுனு தெரிஞ்சுது.

அப்புறம் இந்தக் காருகிட்ட வந்து, இதோட கண்ணாடியையும் வெளியேருந்து ஒரு இழுப்பு. கிறீச்ச்ச். வெள்ளை அப்படியே இருந்துச்சு. இன்னொரு இழுப்பு. அப்படியே தான் இருந்துச்சு.

திரும்ப வந்து உள்ள உக்காந்தாங்க.

"அந்த ஜீப்புல ஆள் இருக்கா?"

"இல்ல. தொடைச்சதும் காலி சீட்டு தெரிஞ்சுதே."

"இதுல?"

மாசிலாமணி பதில் சொல்ல வாயைத் தொறந்தாரு. வாயிலேருந்து வந்த ஆவி நேராப் போயி கண்ணாடியில ஒட்டுச்சு.

அவரு வாயை மூடிக்கிட்டாரு. அப்புறம் ரொம்ப மெதுவா:

"அண்ணனுக்கு இந்த நுணுக்கமெல்லாம் எங்கம்மா தெரியப் போகுது?"

"அவரு என்ன வேலை பாத்தாரு?"

ரெண்டு சொட்டு எறங்குற நேரம் ஆச்சு.

"லாரி டிரைவரு. முப்பத்தஞ்சு வருஷம். இதே மலையில."

குரு குல்லாவைக் கண்ணு வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டாங்க. தோள்பட்டை மட்டும் குலுங்குச்சு.

"அப்ப பதினோரு நாளும்…"

"ம்."

"நான் உள்ள இருக்கேன்னு தெரிஞ்சுக்கிட்டே…"

"ம்."

"அப்புறம் ஏன் தெனமும் குளிர்ல வெளிய வந்து உக்காந்திருக்காரு?"

குரு அவரைப் பாத்தாங்க.

மாசிலாமணி கையை எடுத்துக் கதவுல இருந்த கைப்புடியில வெச்சாரு. பழைய காரு, கண்ணாடியைச் சுத்தித் தான் எறக்கணும். கிர்க். ஒரு விரல். கிர்க், கிர்க். ரெண்டு விரல். அப்புறம் நிறுத்தத் தெரியாதவரு மாதிரி கிர்ர்ர்ர்னு சுத்திக்கிட்டே இருந்தாரு.

குளிர்க்காத்து உள்ள வந்துச்சு. கண்ணாடியில இருந்த வெள்ளை ஓரத்துலேருந்து மெதுவா விலகுச்சு. வெளியேயும் பனி கொஞ்சம் கலைஞ்சிருந்துச்சு. டேங்கு வந்துச்சு. ஓட்டு வீடு வந்துச்சு. நாற்காலி வந்துச்சு. கம்பளிக்கு மேல ஒரு முகம், நேரா இவரையே பாத்துக்கிட்டு.

அந்த முகத்துலேருந்து ஒரு குரல் வந்துச்சு. லாரி ஹாரன் கெட்டுது போங்க:

"டேய் மணி! எத்தன நாளைக்குடா உள்ளயே உக்காந்து ஆவி புடிப்ப? சளி போச்சா இல்லியா?"

மாசிலாமணிக்கு மூக்கு ஒழுகுச்சு. சிரிப்பா அழுகையான்னு அவருக்கே தெரியல. சட்டுனு பத்திரிகையை எடுத்தாரு. அது கையில துணி மாதிரி தொங்குச்சு. முகம் வெளுத்துப் போச்சு.

"மேரிம்மா, இதை எப்படிம்மா அண்ணன் கையில குடுக்குறது? பாதி கரைஞ்சு போச்சு. வீட்டுல புதுசு இருக்கு. ஒரே ஓட்டம், எடுத்துட்டு நாளைக்கு வந்து…"

கை சாவிக்குப் போச்சு.

குரு சாவி மேல தன் கையை வெச்சு மறைச்சாங்க. இன்னொரு கையால பத்திரிகையை வாங்கி, ஒட்டியிருந்த மடிப்பைக் கிழிக்காமப் பிரிச்சு, வெளிச்சத்துல புடிச்சாங்க.

"முதல் வரியை வாசிங்க."

முப்பது வருஷம் மைக்குல கத்துன குரல் இப்ப ஒரு இலை அசையுற அளவுக்குக் கூட எழும்பல.

"பெரியப்பா… திரு. வேலாயுதம் அவர்கள்… முன்னிலையில்…"

"வாசிக்க முடியுதில்ல?"

"முடியுது."

"அப்ப எறங்குங்க."