தொட்டிலுக்குக் கீழே கிடந்த வாள்

கரட்டுமலை அடிவாரத்தில் தவசியம்மா இருந்த இடத்துக்குக் கதவு கிடையாது. யார் வேண்டுமானாலும் வரலாம், கஞ்சி குடிக்கலாம், கேட்க வேண்டியதைக் கேட்கலாம். கேட்டதற்கெல்லாம் பதில் கிடைக்கும் என்று மட்டும் நம்பி வந்துவிடக் கூடாது. சமையலைப் பார்த்துக்கொண்ட வெள்ளையக்கா புதிதாக வருகிறவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவாள்.

அங்கே வந்துபோன சீடர்களில் ஒருவர் சேதுரத்தினம். தவசியம்மாவைவிட வயதில் மூத்தவர். பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை இல்லை. வீடு நிறைய வாள்தான்.

எல்லாம் பழைய பட்டாளத்து வாள்கள். குதிரைப்படைக்காரன் பிடித்தது, பாளையத்து வீரன் பிடித்தது, வெள்ளைக்கார அதிகாரி இடுப்பில் தொங்கவிட்டது என்று ஊர் ஊராகப் போய்ச் சேர்த்தவை. தோல் உறை ஈரத்தை இழுக்கும், உறைக்குள் இருந்தபடியே வாள் துருப்பிடித்துவிடும் என்று உறையை ஓர் அலமாரியிலும் வாளை ஓர் அலமாரியிலும் வைத்திருந்தார். வெறுங்கையால் தொடமாட்டார். விரல் வேர்வை பட்ட இடத்தில் ரேகையோடு துரு ஏறிவிடுமாம். வெள்ளைத் துணிக் கையுறை ஒன்று எப்போதும் சட்டைப்பையில் இருக்கும்.

"ஏண்ணே, திருடன் வந்தா எந்த வாளை எடுத்து வீசுவீங்க?" என்று ஒருநாள் வெள்ளையக்கா கேட்டாள்.

"முதல்ல கையுறையை மாட்டணும்" என்றார் சேதுரத்தினம். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

"மாட்டுங்க மாட்டுங்க. அதுவரைக்கும் அவனை உக்கார வச்சு மோர் குடுப்போம்."

தவசியம்மாவும் சிரித்துவிட்டார்.

வாளில் கறுப்பாக ஒரு திட்டு இருந்தால், விற்கிறவன் "இது ரத்தம்" என்பான். சேதுரத்தினத்துக்கு அதை நம்பப் பிடிக்கும். அந்த வாளை முன்வரிசையில் வைப்பார். யார் வந்தாலும் அதைக் காட்டாமல் விடமாட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் தவசியம்மா முன்னால் உட்கார்ந்து கேட்டார்.

"அம்மா, இத்தனை சேர்த்தும் மனசு அடங்கலை. இதுல எது உசந்ததுன்னு தெரிஞ்சா, அது ஒண்ணை மட்டும் வச்சுக்கிட்டு மிச்சத்தை விட்டுருவேன். அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

தவசியம்மா வாசல் பக்கம் பார்த்தார். அங்கே ஒரு பெண் தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். நிறைமாசம். உள்ளே வரவும் மாட்டாமல், போகவும் மாட்டாமல் நின்றாள். கீழத்தெரு மொக்கராசு பெண்டாட்டி ராக்கு.

"வா தாயி. என்ன வேணும்?"

"இரும்பு" என்றாள். அதற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். பிறந்த பிள்ளைக்குக் காவலாகத் தொட்டிலுக்குக் கீழே இரும்பு வைப்பது அந்த ஊர் வழக்கம். பிள்ளைக்குத் தலை நிற்கிற வரைக்கும் அதை வீட்டைவிட்டு எடுக்கக் கூடாது. அவளும் வீட்டு அரிவாளைத்தான் வைத்தாள், இரண்டு தடவையும். இரண்டு பிள்ளையும் தங்கவில்லை.

"எங்க வீட்டு இரும்பு நிக்கலையாம். வேற வீட்டு இரும்பு வைக்கணும்னு சொல்றாங்க. ஆனா யாரும் குடுக்க மாட்டேங்கிறாங்க அம்மா. பிள்ளை தங்காத வீட்டுக்குப் போன இரும்பைத் திரும்ப வாங்கி எப்படிப் புழங்குறதுன்னு பயப்படுறாங்க."

"இங்க இருக்கிறது ஒரு கரண்டிதான். அதுவும் பித்தளை" என்றாள் வெள்ளையக்கா.

தவசியம்மா சேதுரத்தினத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"ஐயா, உங்க வீட்டுல இரும்பு இருக்கா?"

வெள்ளையக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

சேதுரத்தினம் வீட்டுக்குப் போய் அலமாரி அலமாரியாகப் பார்த்தார். எதைத் தொட்டாலும் கை பின்னால் வந்தது. கடைசியில் அடித்தட்டில் கிடந்த ஒன்றை எடுத்தார். யார் பிடித்த வாள் என்று தெரியாது. பிடியில் வெறும் துணி சுற்றியிருந்தது. முன்னால் வைத்திருந்தவன் யாரோ அதைச் சாணையில் கொடுத்துப் பளபளவென்று தேய்த்துவிட்டான். வாள் சேர்க்கிறவர்கள் அப்படித் தேய்த்த வாளைக் கெட்டுப்போன வாள் என்பார்கள். ஒரு கட்டோடு வாங்கும்போது கூடவே வந்தது.

அதைக் கொண்டுபோய் ராக்குவிடம் கொடுத்தார்.

"கையால தொடக் கூடாது. தண்ணி படக் கூடாது. எண்ணெய்த் துணியால மட்டும் துடைக்கணும்."

ராக்கு எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

ராக்குவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. குறைந்த எடை. அழுகிற சத்தம் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி இருந்தது. ராக்கு கண்ணை மூடினாலும் கை தொட்டில் கயிற்றில்தான் இருந்தது.

கெட்டுப்போன வாள் என்றாலும் தன் வாள் இல்லையா? சேதுரத்தினத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு காலையில் பார்த்துவிட்டு வரலாம் என்று போனார்.

சேலைத் தொட்டிலுக்குக் கீழே, வாளின் முனையில் ஓர் எலுமிச்சம்பழம் குத்தியிருந்தது.

"ஐயோ! இதை யாரு குத்துனது?"

"நான்தான்" என்றாள் ராக்கு. "திருஷ்டிக்கு. வேல்ல குத்துவாங்கள்ல, அது மாதிரி."

சேதுரத்தினம் கையுறையை மாட்டிக்கொண்டு வாளை எடுத்தார். பழத்தைப் பிடுங்கினார். சாறு முனையிலிருந்து பாதி வாள்வரை வழிந்து கறுத்திருந்தது. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் துணியால் ஒற்றினார். ஒற்றியவர் அப்படியே நின்றுவிட்டார்.

கறுத்த இடத்தில் கோடு கோடாக ஏதோ ஓடியது. ஆற்றுத் தண்ணீர் வடிந்த பிறகு மணலில் கிடக்கிற அலை மாதிரி. ஒன்றோடொன்று நெளிந்து, எங்கே தொடங்குகிறது எங்கே முடிகிறது என்று தெரியாமல். அது மேலே போட்ட வேலைப்பாடு கிடையாது. இரும்புக்கு உள்ளேயே ஓடுகிற ஓட்டம். பழங்காலத்து உருக்கு. மேலே தேய்த்தால் மறைந்துவிடும், புளிப்புப் பட்டால் தெரியும். அப்படி ஒரு வாளை ஆயுசு முழுக்கத் தேடியிருந்தார். அது அவர் வீட்டு அடித்தட்டிலேயே கிடந்திருக்கிறது.

அவர் நின்ற நிலையைப் பார்த்து ராக்கு பயந்துபோனாள்.

"கறையாப் போச்சா ஐயா? தப்புப் பண்ணிட்டேனா?"

அவருக்கு அந்த நேரத்தில் வாய் முந்திக்கொண்டது.

"ஆமா. கறைதான். வாள் பாழாப் போச்சு. இதை எடுத்துக்கிட்டு வேற நல்லதாத் தர்றேன்."

"வச்ச இரும்பை எடுக்கக் கூடாதே ஐயா…" என்றாள் ராக்கு.

"நாளைக்கு வர்றேன்" என்று சொல்லி, வாளைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு நேராகக் கரட்டுமலைக்கு நடந்தார்.

தவசியம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, தெரியாமக் குடுத்துட்டேன்."

"எதைக் குடுக்கிறோம்னு தெரியாமலா, யாருக்குக் குடுக்கிறோம்னு தெரியாமலா?"

"எதைன்னு தெரியாம."

"இப்பத் தெரிஞ்சுருச்சா?"

"தெரிஞ்சுருச்சு. என்கிட்ட இருக்கிறதுலயே உசந்தது அதுதான்."

"அப்ப உங்க கேள்விக்குப் பதில் கிடைச்சுருச்சே."

"கிடைச்சு என்ன செய்ய? அது தொட்டிலுக்குக் கீழ கிடக்கே!"

தவசியம்மா ஒரு காம்பை உருவிப் போட்டார்.

"உங்க வாள். போய் எடுத்துக்கங்க."

போகாதீங்க என்று சொல்லுவார் என எதிர்பார்த்து வந்தவர் பேச்சை மாற்றினார்.

"அந்தப் பிள்ளைக்கு… இரும்பு நிஜமாவே காவலா அம்மா? நீங்க நம்புறீங்களா?"

"நீங்கதான் வீடு நிறைய வச்சிருக்கீங்க. உங்களைக் காத்துச்சா?"

அவர் கையுறையை எடுத்து மடித்து மறுபடி சட்டைப்பையில் வைத்தார்.

"மாத்தி எதை வைப்பீங்க?"

"தங்கப்பூச்சுப் பிடி போட்டது. ஒரு தளபதி வச்சிருந்த வாள்."

"நல்லது" என்றார் தவசியம்மா. அப்புறம் கீரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் சேதுரத்தினம் தளபதி வாளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். வழியெல்லாம் அந்த அலைதான் கண்ணில் ஓடியது. நடு அலமாரியை அதற்காகக் காலி செய்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

ராக்கு அவருக்காகவே காத்திருந்த மாதிரி எழுந்தாள். பிள்ளை தோளில் கிடந்தது. ஒரு கையாலேயே தொட்டிலுக்குக் கீழிருந்து வாளை எடுத்து நீட்டினாள். முகத்தில் அத்தனை சந்தோஷம்.

"கறை போயிருச்சு ஐயா! பாருங்க."

வாள் பளபளவென்று இருந்தது. அலை இல்லை. ஒரு கோடு இல்லை. செங்கல் பொடியும் சாம்பலும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்திருந்தாள்.

"விடிய விடியத் தேச்சேன். இவ பால் குடிச்சுக்கிட்டே இருந்தா, நான் தேச்சுக்கிட்டே இருந்தேன். இனி மாத்த வேணாம்ல ஐயா?"

சேதுரத்தினம் வாளை வாங்கினார். விளிம்போரம் மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு இருந்தது. இன்னும் காயவில்லை. ராக்குவின் கையைப் பார்த்தார். விரல்களில் கிழித்த துணி சுற்றியிருந்தது. துணி நனைந்திருந்தது.

"என்னம்மா இது?"

"அய்யய்யோ, இன்னும் இருக்கா?" என்று அவசரமாக முந்தானையால் அந்தக் கோட்டைத் துடைத்தாள். "சும்மா, அரிவாள்மணையில படுற மாதிரிதான். வாள்னா கூராத்தான இருக்கும்."

எத்தனையோ வாளில் ரத்தக்கறை என்று விற்கிறவன் காட்டியதையெல்லாம் முன்வரிசையில் வைத்தவர், அவள் துடைத்துவிட்ட இடத்தையே பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கறை இல்லம்மா" என்றார். "அது கறையே இல்ல. அந்த வாளோட அழகு அது. வாளைத் திரும்ப வாங்குறதுக்காக நான் பொய் சொன்னேன்."

ராக்குவுக்குப் புரியவில்லை. புரிந்தபோது கோபப்படத் தெரியவில்லை.

"அப்ப நான் வெட்டியாத் தேச்சேனா?" என்றாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எடுத்துக்கிட்டுப் போறீங்களா ஐயா?"

பிள்ளை தோளில் முனகியது. ராக்கு அதன் முதுகைத் தட்டினாள். தட்டியபடியே அவர் முகத்தைப் பார்த்து நின்றாள்.

அவர் வாளை எடுத்த இடத்திலேயே வைத்தார். முனை கதவுப் பக்கம் இருக்கட்டும் என்று கொஞ்சம் திருப்பி வைத்தார். தளபதி வாளை அக்குளில் இடுக்கிக்கொண்டு திரும்பி நடந்தார்.

நடு அலமாரி காலியாகவே இருந்தது. வேறு எதையும் அதில் வைக்க அவருக்கு மனசு வரவில்லை. தலை நின்றதும் வாள் வந்துவிடும், எலுமிச்சை பட்டால் அலையும் திரும்ப வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டார். கரட்டுமலைக்கு வந்தாலும் பேச்சு அதிலேயே நின்றது.

"தலை நின்னுருச்சாமா?" என்று வெள்ளையக்காவிடம் கேட்பார்.

"பிள்ளைக்கா, உங்களுக்கா?" என்பாள் அவள்.

பிள்ளைக்கு ஒருதடவை காய்ச்சல் வந்தது. அந்த இரண்டு நாளும் சேதுரத்தினம் கீழத்தெருவிலேயே கிடந்தார். வாளைப் பார்க்க உள்ளே போகவில்லை. பிள்ளை அழுகிறதா என்று வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அழுதால் மூச்சு விட்டார்.

காய்ச்சல் இறங்கியது. தலையும் நின்றது.

ராக்கு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாளைப் பழைய வேட்டித் துணியில் சுற்றிக்கொண்டு கரட்டுமலைக்கு வந்தாள். தவசியம்மா பிள்ளையை வாங்கி மடியில் உட்காரவைத்தார். அது தலையைத் தூக்கி எல்லாரையும் ஒருதடவை பார்த்தது.

சேதுரத்தினம் கையுறையை மாட்டிக்கொண்டு துணியைப் பிரித்தார். பிடியை அடுத்த இடத்தில் துரு ஏறியிருந்தது. சின்னச் சின்னதாக நாலு புள்ளி. பக்கத்தில் ஒன்று.

"எடுக்கிறப்போ பிள்ளை கையைத் தொடவச்சுத்தான் எடுக்கணும்" என்றாள் ராக்கு. "வாய்ல போட்ட கை. துடைக்க மறந்துட்டேன் ஐயா. தேச்சுத் தரட்டா?"

"வேண்டாம்" என்று அவசரமாகச் சொன்னார். "நீ தேய்க்கவே வேண்டாம் தாயி."

அப்போதுதான் தூணுக்குப் பின்னால் இன்னொரு பெண் நிற்பதைப் பார்த்தார். அவளுக்கும் நிறைமாசம்.

"இவ எங்க தெருதான் ஐயா, சிட்டு" என்றாள் ராக்கு. "இவளுக்கும் ஒண்ணு தங்கலை. எங்க வீட்டுல நின்ன இரும்புன்னா வேணும்னு கேக்குறா. உங்ககிட்டக் கேக்க வெக்கப்படுறா."

வெள்ளையக்கா அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டாள்.

சேதுரத்தினம் வாளை வெயிலில் சாய்த்துப் பார்த்தார். அலை வெளியே தெரியவில்லை. உள்ளே ஓடுகிறது என்று அவருக்குத் தெரியும். பிறகு கையுறையைக் கழற்றிக் கீழே வைத்தார். வெறுங்கையால் வாளை எடுத்துச் சிட்டுவிடம் கொடுத்தார்.

அவள் அதைத் துணியோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு படியிறங்கினாள். அவள் முடுக்கு திரும்பி மறைகிறவரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா" என்றார். "அது திரும்ப என் வீட்டுக்கு எப்ப வரும்?"

தவசியம்மா மடியில் இருந்த பிள்ளையின் கழுத்து வேர்வையைத் துடைத்துவிட்டார்.

"ஊர்ல பிள்ளை பிறக்கிறது நின்னதும் வரும், ஐயா."