ஈரமீசையின் சிவப்புக் கொடி

மேட்டுக்காட்டில் சிலும்பன் என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தான். கால்பந்து என்றால் அவனுக்கு உயிர். ஆனால் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பந்தைத் தொட்டதில்லை. தொட்டால் பந்து என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆட்டம் பார்க்கப் போனால் அவனுக்கு இடத்துக்குக் குறைவில்லை. அவன் உட்கார்ந்ததும் அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்துவிடுவார்கள். சுற்றிலும் தரை காலியாகக் கிடக்கும். கோல் விழுந்தால் கட்டிப்பிடித்துக் குதிக்க ஒருவரும் இருக்கமாட்டார்கள். அதனால் காட்டுக்குள் கைப்பேசி வந்தபோது சிலும்பனைப் போல மகிழ்ந்தவர் யாருமில்லை. அது எப்படிக் காட்டுக்குள் வந்தது என்று கேட்காதீர்கள். ஊருக்குள் வந்தது காட்டுக்குள் வர எவ்வளவு நேரம் ஆகும்?

இணையத்தில் ‘பந்துமேடை’ என்று ஒரு மன்றம் இருந்தது. கால்பந்து ரசிகர்கள் கூடி வாய்ச்சண்டை போடும் இடம். ஒவ்வொருவர் எழுதுவதற்குப் பக்கத்திலும் அவரவர் படம் சின்னதாக நிற்கும். பெரும்பாலும் அது அவரவர் அணியின் கொடியாகத்தான் இருக்கும். அங்கே முள்ளைக் கண்டு யாரும் நகர்ந்து போவதில்லை. சிலும்பன் பொழுது விடிந்ததும் அங்கே போய் உட்கார்ந்துகொள்வான்.

அவன் மேட்டுக்காட்டு எருமைகள் அணியின் ரசிகன். சிவப்புக் கொடி. எருமைகளின் பரம எதிரி ஆற்றோர நாரைகள். நீலக் கொடி. இரண்டு அணிகளும் மழைக்காலத்துக்கு முன் ஒருமுறையும், மழை ஓய்ந்தபின் ஒருமுறையும் மோதும். மற்ற நாள்களிலெல்லாம் ரசிகர்கள் மோதுவார்கள்.

நாரைப் பக்கத்தில் வாய்க்கொழுப்பில் முதலிடம் ஒரு நீர்நாய்க்கு. மன்றத்தில் அவன் பெயர் ஈரமீசை. சிலும்பனும் அவனும் நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் ஒருவரை ஒருவர் திட்டாமல் இருவருக்கும் ஒரு வேளை சோறு இறங்காது. எருமைகள் தோற்றால், “சேத்துல புரள்றதுக்கு ஏத்த இடம் பார்த்து விட்டுட்டோம்” என்று ஈரமீசை எழுதுவான். நாரைகள் தோற்றால், ஒற்றைக் காலில் நிற்பவர்களுக்கு இரண்டு கால் ஆட்டம் எதற்கு என்று சிலும்பன் கேட்பான். மன்றமே கைகொட்டிச் சிரிக்கும்.

திட்டித் திட்டியே இருவரும் நெருங்கிவிட்டார்கள். மற்றவர் கண்ணில் படாமல் தனியே செய்தி அனுப்பிக்கொள்ளவும் ஆரம்பித்தார்கள். அப்படித்தான் ஈரமீசையின் கதை சிலும்பனுக்குத் தெரிந்தது. சின்ன வயதில் கண்ணியில் மாட்டி அவனுடைய பின்னங்கால் ஒன்று வளைந்துபோயிருந்தது. ஓடும் தண்ணீரில் அவனால் மீன் பிடிக்க முடியாது. ஆற்றங்கரை மருதமரத்தடியில் நாரை ரசிகர்கள் தினமும் கூடுவார்கள். அவர்களில் பலருக்கு எழுதப் படிக்க வராது. ஈரமீசைதான் பந்துமேடையில் வருவதையெல்லாம் அவர்களுக்கு ராகம் போட்டுப் படித்துக் காட்டுவான். அவர்கள் ஆளுக்கொரு மீன் கொண்டுவந்து அவன் முன்னால் வைப்பார்கள். அந்த மரத்தடிதான் அவனுக்குச் சோறு, சொந்தம் எல்லாம்.

மழைக்கு முந்திய ஆட்டம் நெருங்கியது. சிலும்பன் ஒரு பந்தயம் கட்டினான். தோற்ற அணியின் ரசிகன் தன் படத்தை எடுத்துவிட்டு, ஜெயித்த அணியின் கொடியை வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த மோதல் வரைக்கும் மாற்றக் கூடாது. இது மன்றங்களில் நடப்பதுதான். சிலும்பன் அதற்கு மேலும் ஒரு நிபந்தனை போட்டான். பந்தயம் என்று யாரிடமும் மூச்சு விடக் கூடாது.

“எல்லாரும் முழிக்கணும். அதுதான் வேடிக்கை” என்று எழுதினான்.

ஈரமீசை ஒப்புக்கொண்டான். தோற்று முழிக்கப்போவது சிலும்பன்தானே, தனக்கு என்ன வந்தது என்று கேட்டான்.

ஆட்டம் நடந்தது. கடைசி நேரம்வரை இரு பக்கமும் கோல் இல்லை. நாரைகளின் கோல்காவலர் பழக்கதோஷத்தில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு கண் அயர்ந்தார். எருமை உதைத்த பந்து அந்தக் காலுக்கு அடியில் உருண்டு உள்ளே போனது.

அன்றே ஈரமீசை தன் படத்தை மாற்றினான். நீலக் கொடி போய்ச் சிவப்புக் கொடி வந்தது. சொன்ன சொல் மாறாதவன் அவன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த மன்றத்தில் ஒருவர் படத்தை மாற்றினால் புதிதாக எழுதுவதில் மட்டும் அது மாறாது. இதுவரை எழுதிய எல்லாவற்றுக்கும் பக்கத்தில் மாறிவிடும். நாரைகள் கோப்பை ஜெயித்த அன்று அவன் ஆடிப்பாடி எழுதியது, கோப்பையைப் பறிகொடுத்த அன்று அழுது எழுதியது, எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரே சிவப்புக் கொடி. இருவருமே இதை யோசித்திருக்கவில்லை.

நாரை ரசிகர்கள் முதலில் கைத்தவறு என்று நினைத்தார்கள். கேட்டார்கள். ஈரமீசை மழுப்பினான். பிறகு சந்தேகம் வந்தது. எருமைப்பால் குடித்துவிட்டான் என்றார் ஒருவர். பழைய அழுகையைத் தேடி எடுத்து, பக்கத்தில் இருக்கும் கொடியைக் காட்டி, நடிப்பைப் பாருங்கள் என்றார் இன்னொருவர். நம் ஆட்டத் திட்டங்களை எதிரிக்குச் சொன்னதே இவன்தான் என்று ஒரு பேச்சு கிளம்பியது. சந்தேகத்துக்கு ஒரு பிடி மண் கிடைத்தால் போதும், அது வீடே கட்டிவிடும்.

சிலும்பன் இதையெல்லாம் படித்துவிட்டு முள் குலுங்கச் சிரித்தான். சிரித்ததோடு நிறுத்தவில்லை. மன்றத்தில் எல்லோரும் பார்க்க இப்படி எழுதினான்: “வாங்க மாப்பிள்ளே. எங்க வீட்டுக்கு வந்துட்டீங்க, இனி உங்களுக்கு ஒரு குறையும் வராது.”

அது போதுமானதாக இருந்தது. அதன்பின் நாரை ரசிகர்களுக்குச் சந்தேகமே இல்லை.

சில நாள் கழித்து ஈரமீசையிடமிருந்து தனிச்செய்தி வந்தது. “சிலும்பா, போதும்ப்பா. பந்தயம்னு நீயே சொல்லிடு. நான் சொன்னா வாக்கு தப்பினவனாயிடுவேன்.”

“அடுத்த ஆட்டம் வரைக்கும்னுதானே பேச்சு? தோத்தவன் தோத்தவன்தான்” என்று சிலும்பன் பதில் போட்டான்.

மழை ஆரம்பித்தது. ஆறு கலங்கி ஓடியது. மறுபடி ஒரு செய்தி வந்தது.

“நேத்து மரத்தடிக்குப் போனேன். நான் உட்கார்ந்ததும் எல்லாரும் எழுந்து அந்தப் பக்கம் போயிட்டாங்க.”

சிலும்பன் அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். நகர்ந்து போவது என்றால் என்ன என்று இந்தக் காட்டில் அவனை விட யாருக்குத் தெரியும்? அந்த நிமிடமே சொல்லிவிடலாம் என்றுதான் எழுத ஆரம்பித்தான். ஆனால் ஆட்டத்தன்று உடைப்பதற்கென்று அவன் ஒரு பெரிய பதிவை எழுதித் தயார் செய்து வைத்திருந்தான். அத்தனை கிண்டலும் அதில் இருந்தது. எல்லோரையும் ஏமாற்றினோம் பார் என்று இருவருமாகச் சேர்ந்து சிரிக்கும் இடமும் இருந்தது. இப்போதே சொன்னால் அது சப்பென்று போய்விடும்.

மழை எப்படியும் நிற்கும், ஆட்டம் எப்படியும் வரும், அதுவரை அவன் பொறுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தான். “இன்னும் கொஞ்ச நாள்தான், மாப்பிள்ளே” என்று மட்டும் பதில் அனுப்பினான்.

அதற்கு மறுமொழி வரவில்லை. கோபித்துக்கொண்டான் போலிருக்கிறது என்று சிலும்பன் எண்ணினான். மன்றத்திலும் ஈரமீசையைக் காணோம். காலையில் திட்ட ஆளில்லாமல் சிலும்பனுக்குப் பொழுது போகவில்லை. வேண்டுமென்றே நாரைகளைப் பற்றிக் கேவலமாக எழுதிப் பார்த்தான். யார் யாரோ வந்து சண்டை போட்டார்கள். ஈரமீசை வரவில்லை.

மழை ஓய்ந்தது. ஆட்டம் வந்தது. இம்முறை நாரைகள் ஜெயித்தன, அதுவும் அடுக்கடுக்காகக் கோல் போட்டு.

தன் அணி தோற்றதற்காகச் சிலும்பன் மகிழ்ந்தது அன்று ஒருநாள்தான். இனி ஈரமீசை சும்மா இருப்பானா? ஓடி வந்து மண்டையில் ஏறி உட்கார்ந்துகொள்ள மாட்டானா? சிலும்பன் தன் பெரிய பதிவை மன்றத்தில் போட்டான். பந்தயத்தைச் சொன்னான். நிபந்தனை போட்டது தான்தான் என்று சொன்னான். ஈரமீசை என்றைக்கும் நாரைக்காரன், வாக்குக்காக வாயை மூடிக்கொண்டு திட்டு வாங்கினான் என்று எழுதினான். கடைசியில், “வாடா மீசை, வந்து திட்டுடா” என்று முடித்தான்.

காத்திருந்தான். ஈரமீசை வரவில்லை. விசித்திரம், நாரை ரசிகர் ஒருவர்கூட வரவில்லை. ஜெயித்த கூட்டம் இவ்வளவு அமைதியாக இருந்து அவன் பார்த்ததே இல்லை.

மறுநாள் சிலும்பன் மேட்டுக்காட்டை விட்டு இறங்கி ஆற்றுக்கு நடந்தான். இவ்வளவு தூரம் அவன் வந்ததே இல்லை. மருதமரத்தை விசாரித்துக் கண்டுபிடித்தான். அங்கே நாரை ரசிகர் கூட்டத்தின் தலைவியான நீர்க்கோழியும், வயதில் மூத்த ஆமையாரும் இருந்தார்கள்.

“நான் சிலும்பன். மீசையைப் பார்க்க வந்தேன்” என்றான்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆமையார்தான் பேசினார். மழையில் ஈரமீசைக்குக் குளிர்காய்ச்சல் கண்டதாம். வளைந்த கால் சீழ் பிடித்து வீங்கிப்போனதாம். வளையை விட்டு வெளியே வர முடியவில்லை. யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது, ஒரு மீன்கூடக் கொடுக்கக் கூடாது என்று கூட்டத்தில் முடிவு செய்திருந்தார்கள். நேற்று ஜெயித்த சந்தோஷத்தில் ஆமையாருக்கு மனசு கேட்கவில்லை. போனால் போகிறது, இந்தச் செய்தியையாவது சொல்லிவிட்டு வருவோம் என்று ஒரு மீனைக் கவ்விக்கொண்டு வளைக்குப் போயிருக்கிறார்.

“போயி ரொம்ப நாளாகியிருக்கும்போல தம்பி” என்றார்.

சிலும்பனுக்கு முதலில் புரியவில்லை. மீசை செத்துப்போய்விட்டான் என்பது பிறகுதான் உறைத்தது. அப்படியே ஈரமண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

ஆமையார் நிறுத்தவில்லை. யாரிடமாவது இறக்கிவைக்க வேண்டும் என்று காத்திருந்தவர்போல் சொன்னார். “கடைசியா ஒருநாள் என்னை வழியில பார்த்தான். ‘அடுத்த ஆட்டம் நாம ஜெயிப்போமாண்ணே’ன்னு கேட்டான். ‘உனக்கு எதுக்குடா அந்தக் கவலை? போயி உன் எருமைகளைக் கேளு’ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லலை தம்பி. நொண்டிக்கிட்டே போயிட்டான்.”

சொல்லிவிட்டுத் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

சிலும்பன் அழுதான். அழுகையினூடே, தான் எல்லாவற்றையும் நேற்றே எழுதிவிட்டதாகச் சொன்னான். எல்லோரும் படித்திருப்பார்கள், இனி அவனை யாரும் துரோகி என்று சொல்ல மாட்டார்கள் என்றான்.

நீர்க்கோழி நிமிர்ந்து பார்த்தாள்.

“படிச்சோம். எங்களுக்குச் சொல்லிட்டே. நாங்க அவனைத் தப்பா நினைக்கலைன்னு அவனுக்கு யாரு சொல்றது?”

அவள் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தீர விசாரிக்காமலே தண்டித்தவர்கள் அவர்களும்தானே.

சிலும்பன் திரும்பிப் போனான். மன்றத்தை நடத்துபவரிடம், ஈரமீசையின் படத்தை மட்டும் நீலக் கொடியாக மாற்றித் தரும்படி கெஞ்சினான். வைத்தவரால்தான் மாற்ற முடியும், வேறு யாராலும் முடியாது என்று பதில் வந்தது.

இப்போதும் பந்துமேடைக்குப் புதிதாக வருகிறவர்கள் பழைய பதிவுகளைப் படிக்கிறார்கள். நாரைகளுக்காக உருகி உருகி எழுதியிருக்கும் ஒருவன் பக்கத்தில் எருமைக் கொடியைப் பார்த்து, இவன் எந்தப் பக்கத்து ஆள் என்று சிரிக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் சிலும்பன் வந்து விளக்குகிறான். அவன் நாரைக்காரன், சுத்தமான நாரைக்காரன், தப்பு என்னுடையது என்கிறான். சிலர் நம்புகிறார்கள். சிலர், எருமைக்காரன் நீ அப்படித்தான் சொல்லுவாய் என்று கடந்து போகிறார்கள்.

ஒருவருடைய நல்ல பெயரைக் காக்கும் உண்மை நம் கையில் இருந்தும், அதைச் சொல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தால், நாம் சொல்லும் நாளில் அதைக் கேட்க வேண்டியவர் இருக்கமாட்டார்.